எட்டுச் சீட்டையும் சேர்த்துப் படிப்பது யார் பொறுப்பு?

காலை 6 மணி, 9 மணி, நண்பகல் 12, பிற்பகல் 3, மாலை 6, இரவு 9. ஓய்வுபெற்ற அந்தத் தமிழாசிரியரின் வீட்டுச் சுவரில் இந்த ஆறு நேரங்களும் கொட்டை எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அவருக்கு 71 வயது. பார்க்கின்சன் நோய் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரை உள்ளே போன முக்கால் மணி நேரத்தில் எழுந்து நடப்பார், சட்டைப் பொத்தானைத் தானே மாட்டுவார், காபி டம்ளரைச் சிந்தாமல் பிடிப்பார். இரண்டரை மணி நேரம் கழிந்தால் மருந்தின் பிடி தளரும். பாதத்தைத் தரை பிடித்து இழுப்பதுபோல் நின்றுவிடுவார். அடுத்த மாத்திரை நேரத்துக்கு வந்தால் மறுபடி நடப்பார். கடிகாரத்தோடு கடிகாரமாக அவர் மனைவி அந்த வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்.

குடலிறக்க அறுவைக்காக அவரை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம், இந்தப் பிழையைச் செய்வது ஒரு மருத்துவமனை மட்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சேர்த்த அன்றே ஆறு வேளை மாத்திரை, வார்டு பைலில் ‘1-1-1’ ஆனது. காலை, மதியம், இரவு. கையோடு கொண்டுபோன மாத்திரைப் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

“மூணு மணி மாத்திரை போடணும் சிஸ்டர், இல்லேன்னா அவருக்குக் கை கால் வராது.”

“டாக்டர் எழுதினதைத்தாம்மா நாங்க குடுக்க முடியும். ரவுண்ட்ஸ் வர்றப்ப சொல்லுங்க.”

ரவுண்ட்ஸ் மறுநாள் காலை. அதற்குள் அறுவைக்கு முந்தைய வெறும் வயிறு என்று இரவு 9 மணியோடு எல்லா மாத்திரைகளும் நிறுத்தப்பட்டன. அறுவை முடிந்ததும் வாந்தி வந்தது. மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டார்கள். இரவில் மனம் குழம்பி, குழாயைப் பிடுங்கப் பார்த்தார். ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. உடம்பு கட்டை போல் விறைத்தது, காய்ச்சல் ஏறியது, எச்சில் வழிந்தது. நான்காம் நாள்தான் நரம்பியல் மருத்துவரை அழைத்தார்கள். அவர் வந்ததும் நோயாளியைத் தொடும் முன்பே மருந்துத் தாளைக் கேட்டு வாங்கினார். இரண்டு மருந்துகளைக் குறுக்கே அடித்தார். மூக்குக் குழாய் வழியே, பழைய மாத்திரையைப் பொடித்து, பழைய ஆறு நேரங்களில் கொடுக்கச் சொன்னார்.

உயிர் பிழைத்தது. நடை திரும்பவில்லை. முதுகில் படுக்கைப் புண்ணோடு வீடு வந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் குடலிறக்கமும் அறுவையும் தையலும் இருக்கின்றன. அந்த நான்கு நாட்களில் மருந்தால் நேர்ந்தது பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்த இல்லாத வரிக்காகத்தான் இந்தத் தலையங்கம்.

பார்க்கின்சன் நோயில் மூளையின் ஆழத்தில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிகின்றன. உடலின் அசைவுக்கு எண்ணெய் போன்றது டோபமைன். அது குறையும்போது நடுக்கமும் விறைப்பும் மந்தமும் வருகின்றன. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை எழுதிவைத்தார். 1960இல் வியன்னாவில் ஆய்வாளர் ஹார்னிகீவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றிக் கிடந்ததைக் கண்டார். 1967இல் அமெரிக்காவில் மருத்துவர் கோட்சியாஸ், லெவோடோபாவைச் சிறுகச் சிறுக உயர்த்திக் கொடுத்து முடங்கியவர்களை நடக்கவைத்தார். இன்றும் இந்த நோய்க்கு அடிப்படை மருந்து அதுதான். கார்பிடோபாவோடு சேர்த்து, நம் ஊரில் பெரும்பாலும் ‘சிண்டோபா’ என்ற பெயரில் அறியப்படும் மாத்திரை.

இந்த மருந்தின் ஆயுள் குறைவு. கார்பிடோபா துணை இருந்தும் ரத்தத்தில் அதன் அளவு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோய் முற்ற முற்ற, மூளைக்கு அதைச் சேமித்துவைக்கும் திறனும் போய்விடும். அதனால்தான் ஒருவருக்கு மூன்று வேளையும் இன்னொருவருக்கு ஆறு வேளையும் வேண்டியிருக்கிறது. அந்த நேரங்களை நரம்பியல் மருத்துவரும் நோயாளியும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பார்கள். அதை ஒரே கோட்டில் ‘1-1-1’ என்று மாற்றி எழுதும் உரிமையை வார்டுக்கு யார் கொடுத்தது? சர்க்கரை நோயாளியின் இன்சுலினை இப்படி மாற்றுவார்களா? லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் தசைச் சிதைவும் வந்து உயிரே போகலாம் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த நீர் பருகலாம் என்பது மயக்க மருந்துத் துறையின் வழக்கமான விதி. ஒரு மடக்குத் தண்ணீரில் ஒரு மாத்திரைக்கு அங்கே இடம் இருக்கிறது. இடம் இருந்தும் கொடுக்காமல் விட்டது குற்றம்.

அதைவிடக் கொடிய பிழை அடுத்தது. மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால் எல்லாம் மூளையில் டோபமைன் போய்ச் சேரும் வாசலையே அடைப்பவை. ஏற்கெனவே டோபமைன் வற்றிய ஒருவருக்கு இவற்றைக் கொடுப்பது, மூச்சுத் திணறுகிறவரின் மூக்கைப் பொத்துவதற்குச் சமம். வாந்திக்கு டாம்பெரிடோன் இருக்கிறது. அது மூளைக்குள் எளிதில் புகாது. இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டு கொடுக்கலாம். ஒண்டான்செட்ரான் இருக்கிறது. இரவுக் குழப்பத்துக்கு முதலில் தொற்றையும் மலச்சிக்கலையும் உப்புச் சத்துக் குறைவையும் தேடவேண்டும். மருந்து தவிர்க்கவே முடியாது என்றால் குறைந்த அளவில் குவெட்டியாபின் இருக்கிறது. மாற்று இருந்தும் நஞ்சு போன்றதை எடுத்துப் போட்டார்கள். மெட்டோகுளோபிரமைடு பெட்டிக்குள் மடித்துவைத்த தாளிலேயே பார்க்கின்சன் நோயாளிக்கு ஆகாது என்ற எச்சரிக்கை இருக்கிறது. அந்தத் தாளை யாரும் விரிக்கவில்லை.

வார்டுக்கு வெளியே நடப்பது இன்னும் பரவலானது, சத்தமில்லாமல் நடப்பது.

நமக்குத் தெரிந்த 62 வயது அம்மா ஒருவர். மார்கழியில் வாசலை அடைத்து இருபத்தொரு புள்ளிக் கோலம் போடுகிற கை. சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது என்று ஒரு மருத்துவரிடம் போனார். அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு கலந்த கேப்சூல் ஒரு மாதத்துக்கு எழுதித் தந்தார். கேட்டது. அதன்பின் மருத்துவரிடம் போகவே இல்லை. காலி அட்டையைக் கடையில் காட்டினால் புது அட்டை கிடைத்தது. ஒன்றரை ஆண்டு அப்படியே ஓடியது. முதலில் கோலத்தின் புள்ளிகள் நெருங்கின. பிறகு கோடு நெளிந்தது. பிறகு கோலமாவு விரல் இடுக்கில் நிற்காமல் கொட்டியது. முகத்தில் சிரிப்பு மறைந்தது. ‘அம்மாவுக்கு ஏதோ மனக்குறை’ என்று மகன் நினைத்தார். இன்னொரு மருத்துவர் பார்க்கின்சன் என்று சொல்லி லெவோடோபா தந்தார். நடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில் சேர்த்தார். அந்த மாத்திரையால் ஞாபகம் குழம்பியது. ஞாபகத்துக்கு ஒரு மாத்திரை வந்தது. தலை சுற்றியது, தலைசுற்றலுக்குச் சின்னாரிசின் வந்தது. லெவோசல்பிரைடைப் போல அதுவும் டோபமைன் வாசலை அடைக்கும் வகைதான். கேப்சூல் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர், “வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்” என்றார். மேசையில் கொட்டினால் எட்டுச் சீட்டு, பதினோரு மருந்து. லெவோசல்பிரைடும் சின்னாரிசினும் நின்றன; மற்றவை ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஐந்தாவது மாதம் அந்த அம்மா வாசலில் ஏழு புள்ளிக் கோலம் போட்டார். அவருக்குப் பார்க்கின்சன் நோயே இல்லை.

இவர் அதிர்ஷ்டக்காரர். மருந்தை நிறுத்தியும் சிலருக்கு முழுதாகத் தெளிவதில்லை. உள்ளே ஒளிந்திருந்த நோயை மருந்து வெளியே கொண்டுவந்துவிடுவதும் உண்டு. லெவோசல்பிரைடு, சின்னாரிசின், அதன் இனமான ஃப்ளுனாரிசின் மூன்றும் அமெரிக்காவில் அனுமதி பெறாதவை. மெட்டோகுளோபிரமைடை ஐந்து நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் சொல்லிவிட்டது. இங்கே இந்த வகை மருந்துகள் ‘கேஸ் மாத்திரை’ என்றும் ‘தலைசுத்தல் மாத்திரை’ என்றும் செல்லப்பெயர் வாங்கி, மிளகு சீரகம் வைக்கும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டன.

உண்மையிலேயே பார்க்கின்சன் உள்ளவரின் நிலை இதைவிடச் சிக்கல். அவருக்கு வயது கூடியிருக்கும். சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், சிறுநீருக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று மருத்துவர்கள் பிரிந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் தம் உறுப்பைப் பார்க்கிறார். உடம்பு மொத்தத்தை யாரும் பார்ப்பதில்லை. நரம்பியல் மருத்துவர் பார்க்கின்சனுக்கு ரசாஜிலின் தந்திருக்கிறார். மூட்டு வலிக்கு டிரமடால் எழுதுபவருக்கு அது தெரியாது. இரண்டும் சேரக் கூடாதவை. சேர்ந்தால் மூளையில் செரட்டோனின் பெருகி, நடுக்கமும் காய்ச்சலும் வலிப்பும் வரக்கூடும். வறட்டு இருமலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் சிரப்புக்கும் அதே தடை. வலிக்குப் போடும் பெத்திடின் ஊசிக்கு இன்னும் கடுமையான தடை. புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் லெவோடோபாவோடு சேர்ந்தால், எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரியும். குளியலறையில் விழுந்து இடுப்பு முறியும். அடிக்கடி சிறுநீர் வருவதற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் முதியவரின் ஞாபகத்தைக் கலைக்கும். ரத்தசோகைக்கு விழுங்கும் இரும்புச் சத்து மாத்திரை லெவோடோபாவை வயிற்றிலேயே பிடித்து நிறுத்திவிடும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முட்டையும் பருப்பும் இறைச்சியும் நிறைந்த சாப்பாட்டோடு போட்டாலும் மருந்து பின்தங்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி நேரம் பின்போ போடவேண்டும். இவ்வளவையும் ஒரு குடும்பத்துக்கு உட்கார்ந்து சொல்ல எந்தப் புற நோயாளிப் பிரிவில் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது?

நாட்டு மருந்தைப் பற்றியும் நேராகப் பேசவேண்டும். நடுக்குவாதத்துக்குப் பூனைக்காலி விதை தருவது நம் மரபில் உண்டு. அந்த விதையில் இருப்பதும் லெவோடோபாதான். மரபு பொய் சொல்லவில்லை. அளவு விதைக்கு விதை மாறும். மாத்திரையும் சூரணமும் சேர்ந்தால் மருந்து மிகும். உடம்பு தன் போக்கில் நெளியும், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும். சூரணம் தருபவர் மாத்திரையைக் கேட்பதில்லை. மாத்திரை தருபவர் சூரணம் என்றதும் திட்டுகிறார். திட்டுக்குப் பயந்து நோயாளி மறைக்கிறார். இரண்டு பேரும் திருந்தவேண்டும்.

இனி, தப்பிக்கும் பதில்கள்.

‘வார்டில் நாற்பது படுக்கைக்கு இரண்டு செவிலியர். ஒருவருக்காக ஆறு முறை மணி பார்க்க முடியுமா?’ பாதி நியாயம் இந்தக் கேள்வியில் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. செவிலியர்களைப் பிழிந்து வேலை வாங்குவதை இந்தப் பத்திரிகை என்றும் ஆதரித்ததில்லை. அப்படியென்றால் மாத்திரையை நோயாளியிடமோ உடன் இருக்கும் மனைவியிடமோ விட்டுவிடுங்கள். ஒன்பது ஆண்டுகள் ஒரு வேளை தவறாமல் கொடுத்த கை அது. பையைப் பிடுங்கி வைப்பானேன்? பிரிட்டனில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கான அமைப்பு 2006இல் ‘நேரத்துக்குக் கொடுங்கள்’ என்று இயக்கம் தொடங்கியது. 2018இல் அந்நாட்டு மருத்துவத் தர நிறுவனமான நைஸ், மருத்துவமனையில் லெவோடோபா குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் கொடுக்கப்படவேண்டும் என்று தரவிதியாகவே எழுதியது. அங்கும் செவிலியர் பற்றாக்குறை உண்டு.

‘நோயாளி சொல்லவில்லை’ என்பது அடுத்த பதில். வாய் திறக்க முடியாமல் கிடப்பவர் எப்படிச் சொல்வார்? கேட்கவேண்டியது மருத்துவரின் வேலை. சேர்க்கும்போது ‘என்னென்ன மருந்து, எத்தனை மணிக்கு’ என்று கேட்டு எழுதுவது முதல் பாடம்.

மருந்துக் கடைக்காரர்களின் பதில் இதைவிட மோசம். ‘நாங்க தரலேன்னா அடுத்த கடைல வாங்குவாங்க.’ இந்திய மருந்தாளுநர் குழுமம் 2015இல் கொண்டுவந்த தொழில் விதிமுறைகள், மருந்து கொடுக்கும் முன் ஒன்றுக்கொன்று மோதுகிறதா என்று பார்ப்பதையும் நோயாளிக்கு எடுத்துச் சொல்வதையும் மருந்தாளுநரின் கடமை என்கின்றன. பட்டம் சுவரில் தொங்குகிறது; கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர் யார்? காலி அட்டையைப் பார்த்து ஒன்றரை ஆண்டு கேப்சூல் கொடுத்த கடைக்கு, அந்த அம்மாவின் விரல் நடுக்கத்தில் பங்கு உண்டு.

அரசுக்கும் சொல்கிறோம். 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளை ஒரே ஆணையில் தடைசெய்யத் தெரிந்த மத்திய அரசுக்கு, அமில மாத்திரையோடு லெவோசல்பிரைடைக் கலந்து விற்கும் முறையை மறு ஆய்வு செய்ய என்ன தயக்கம்? தடை இல்லையென்றால், குறைந்தபட்சம் அட்டையின் மேலேயே ‘நடுக்கமும் விறைப்பும் வரலாம்; நீண்ட நாள் கூடாது’ என்று அந்தந்த மாநில மொழியில் அச்சிட உத்தரவிடட்டும். தமிழக அரசுக்குச் செலவே இல்லாத கோரிக்கைதான். 1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கிய சென்னை அரசுப் பொது மருத்துவமனை இருக்கும் மாநிலம் இது. அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போதும்: பார்க்கின்சன் நோயாளி சேர்க்கப்பட்டால் பைலின் முகப்பில் சிவப்பு எழுத்தில் நோயின் பெயர், வீட்டு மருந்து நேரம் மாறாமல் எழுதப்படுதல், கொடுக்கக் கூடாத மருந்துகளின் பெயர்கள். மாத்திரை நோயாளி பக்கத்திலேயே இருக்க அனுமதி. வாயால் விழுங்க முடியாவிட்டால் அன்றைக்கே குழாய், அன்றைக்கே நரம்பியல் ஆலோசனை. வாந்திக்கு எழுதும் கைக்கும் இரவுப் பணி மருத்துவருக்கும் இதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுங்கள். மருந்தால் ஒருவர் முடங்கினால், அது டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டே ஆகவேண்டும். எழுதாமல் மறைப்பதை மருத்துவக் கவுன்சில் ஒழுங்கீனமாகக் கொள்ளவேண்டும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 11, ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்த நாள், உலகப் பார்க்கின்சன் நாளாக நடக்கிறது. மருத்துவமனைகள் பேரணி நடத்துகின்றன, தொப்பி கொடுக்கின்றன. அடுத்த ஏப்ரல் 11க்குள் இந்தச் சுற்றறிக்கை வரவேண்டும். வராவிட்டால் எந்தத் துறையில், யார் மேசையில் நிற்கிறது என்று கேட்டு எழுதுவோம்.

வாசகர்களுக்கு: பார்க்கின்சன் மாத்திரையை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம், அது ஆபத்து. வீட்டில் உள்ள அட்டைகளை எல்லாம் எடுத்து, அடக்கப் பொருட்களின் பெயரைப் படியுங்கள். லெவோசல்பிரைடு, மெட்டோகுளோபிரமைடு, சின்னாரிசின், ஃப்ளுனாரிசின், புரோகுளோர்பெரசின் ஆகிய ஐந்து பெயர்களில் ஒன்று இருந்து, வீட்டில் யாருக்காவது கை நடுங்கினாலோ நடை சுருங்கினாலோ, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் கொட்டிக் காட்டுங்கள். மருந்தால் தீங்கு நேர்ந்தது என்று சந்தேகம் வந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத எண் 1800-180-3024. நோயாளியே அழைத்துப் பதிவு செய்யலாம். அந்தத் தமிழாசிரியரின் மனைவிக்கு அப்போது இந்த எண் தெரியாது.